ஒரே ஆல்பம், அதைச் சுற்றிய ஒலிநாடாக்கள்: ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ குழுவின் பதிவுகள்

1967, 1968 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலீஸில் இயங்கிய ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்னும் சைகடெலிக் ராக் குழு உண்மையிலேயே ஒரே ஓர் ஆல்பத்தைத்தான் வெளியிட்டதா, அதன் பெயரில் கிடைக்கும் மற்ற பதிவுகள் எங்கிருந்து வந்தவை, அந்த விசித்திரமான ஒலிகளை எப்படி உருவாக்கினார்கள், கேட்கத் தொடங்குபவர் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்: குழு உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்தது 1968 மார்ச் மாதத்தில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் ஒன்றுதான், அதன் பெயரும் குழுவின் பெயரே. மற்றவை யாவும் பிற்காலத்தில் பெட்டகத்திலிருந்து வெளியே வந்த ஒலிநாடாக்கள். ஒரு நாட்டின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட குழுவைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்றைய தேடுபொறிக் காலத்தில் எவ்வளவு சிரமம் என்பதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குழுவைத் தொடங்கியவர் ஜோசஃப் பேர்ட். அதே கொலம்பியா நிறுவனத்தில் அப்போது புகழோடிருந்த ‘தி பேர்ட்ஸ்’ குழுவுக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் கேஜ், மார்ட்டன் ஃபெல்ட்மன் போன்ற புதுமை இசையமைப்பாளர்களின் வட்டத்தில் இருந்தவர். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்துக்கு, அதாவது யு.சி.எல்.ஏ.வுக்கு, வந்து படித்தும் கற்பித்தும் வந்தார். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டான் எல்லிஸுடன் சேர்ந்து அங்கே ‘நியூ மியூசிக் வொர்க்‌ஷாப்’ என்ற அமைப்பில் பங்கெடுத்தார். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராகவும் இருந்தார். ராக் இசை அவருக்குப் பிறவிச் சொத்தாக வரவில்லை. புதுமை இசையையும் தீவிர அரசியலையும் பெருங்கூட்டத்திடம் கொண்டு சேர்க்கக்கூடிய வாகனமாகவே அதை அவர் தேர்ந்துகொண்டார். ஆல்பத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

பாடகி டாரதி மாஸ்கோவிட்ஸ், நியூயார்க்கில் பேர்டுக்கு அறிமுகமாகி அவரோடு மேற்குக் கரைக்கு வந்தவர். நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு செய்தி இங்கே இருக்கிறது: கோட்டுவாத்தியக் கலைஞர் காயத்ரி ராஜாபூரும் ஹரிஹர் ராவும் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘ராகாஸ் ஃப்ரம் சவுத் இந்தியா’ என்ற கர்நாடக இசைத்தட்டில் தம்பூரா மீட்டியவர் இதே மாஸ்கோவிட்ஸ்தான். அந்நாளைய ராக் குழுக்கள் பலவும் சிதாரை ஒரு வாசனைத் திரவியம்போலத் தெளித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் குழுவினர் நம் இசையைப் பாடமாக அணுகிய பல்கலைக்கழகச் சூழலிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் ஆல்பத்தில் சிதார் ஒலியை நீங்கள் கேட்கப் போவதில்லை. அந்த அடக்கத்துக்காகவே அவர்களை மெச்சலாம்.

மற்ற மூவரும் இதே வட்டத்தைச் சேர்ந்தவர்களே. கார்டன் மாரன் மின்வயலின் வாசித்தார். ராண்ட் ஃபோர்ப்ஸ், வீணையின் மெட்டுகளைப் போன்ற ஃப்ரெட் கம்பிகள் இல்லாத பேஸ் கிட்டார் வாசித்தார், இது அன்றைய ராக் இசையில் மிக அரிது. கிரெய்க் வுட்சன் தாளம். பின்னாளில் இனவரைவு இசையியல் அறிஞராக ஆன வுட்சன், தன் டிரம்ஸ் மீது தொடு மைக்குகளை ஒட்டியும், சிம்பல்களிலிருந்து சுருள்கம்பிப் பொம்மைகளைத் தொங்கவிட்டும் வாசித்தார் என்பதை வைத்தே குழுவின் மனப்போக்கைப் புரிந்துகொள்ளலாம். எட் போகஸ் பதிவின்போது ஆர்கன், பியானோ வாசித்து உதவி, பின்னர் மேடைக் கச்சேரிகளிலும் சேர்ந்துகொண்டார்.

இந்தப் பட்டியலில் பேஸைத் தவிர வேறு கிட்டார் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1967இல் கிட்டார் இல்லாத ராக் குழு என்பது, வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைவிட அபூர்வமான காட்சி. கிட்டார் வழக்கமாகச் செய்யும் வேலையைச் சிதைவொலி ஏற்றிய வயலினும், ஆர்கனும், மின்னணுக் கருவிகளும் பங்கிட்டுக்கொண்டன. ‘ஹார்ட் கமிங் லவ்’ பாடலின் தொடக்கத்தில் வரும் கரடுமுரடான தனி வாசிப்பைக் கேட்பவர்கள் அதைக் கிட்டார் என்றே நினைப்பார்கள். அதில் கிட்டார் இல்லை.

இனி ஒலிகளுக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தில் கேட்கும் மின்னணு ஒலியை மூக் என்ற புகழ்பெற்ற சின்தசைசர், அதாவது மின்னலைவுகளால் ஒலியை உருவாக்கும் கருவி, என்று எண்ணிவிடக் கூடாது. அப்போது மூக் விலை உயர்ந்த, அரிய கருவி. பேர்ட் பயன்படுத்தியது ரிச்சர்ட் டரெட் என்பவர் வடிவமைத்துக் கையால் கட்டிய சின்தசைசர். அது ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தைத்தான் எழுப்பும். அடுக்கான ஒலி வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்ய வேண்டும். அதோடு நாடா எதிரொலிக் கருவியும் ரிங் மாடுலேட்டரும் இருந்தன. இவற்றுள் ரிங் மாடுலேட்டர்தான் ஆல்பத்தின் கையொப்பம் என்பதால், அது என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

ஒரு குரலையும் ஒரு மின்னலைவையும் இந்தக் கருவிக்குள் செலுத்தினால், உள்ளே போன இரண்டுமே வெளியே வராது. இரண்டின் அதிர்வெண்களுடைய கூட்டுத்தொகையும் வித்தியாசமும் மட்டுமே வரும். குரல் 220 ஹெர்ட்ஸில் பாடுகிறது, அலைவு 150 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 370, 70 ஆகிய இரண்டு ஒலிகள் பிறக்கும். ஆனால் எந்தக் குரலும் ஒற்றை அதிர்வெண் கொண்டதில்லை. 220க்கு மேலே 440, 660 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன, அந்த மடங்கு உறவினால்தான் நம் காது அதை ஒரே ஸ்வரமாகக் கேட்கிறது. ரிங் மாடுலேட்டரின் வழியே 440 ஆனது 590, 290 என்றும், 660 ஆனது 810, 510 என்றும் பிரிந்துவிடும். 70, 290, 370, 510, 590, 810 என்ற இந்த வரிசையில் பழைய எளிய மடங்கு உறவு குலைந்துபோகிறது. ஆகவே காது அதை ஸ்வரமாகக் கேட்காமல், வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினால் எழும் உலோக ஒலியாகக் கேட்கிறது. பாடுபவர் ஸ்வரத்தை மாற்றும்போது எல்லாத் தொகைகளும் வித்தியாசங்களும் இடம் மாறுவதால், குரல் நெளிந்து குழைவதுபோலத் தோன்றுகிறது. மாஸ்கோவிட்ஸ் அசைவு ஏதும் சேர்க்காமல், நேர்க்கோடு கிழித்தாற்போல உணர்ச்சியடக்கிப் பாடுபவர். அத்தகைய குரலின் மீதுதான் இந்தச் சிதைவு தெளிவாகக் கேட்கும். நடுக்கமும் கமகமும் நிறைந்த குரலாயிருந்தால் எல்லாம் கலங்கிய இரைச்சலாகியிருக்கும்.

இந்தக் கருவியையொட்டி ஒரு கிளைக்கதையும் உண்டு. யு.சி.எல்.ஏ.வில் இயற்பியல் படித்த டாம் ஓபர்ஹைம் இந்தக் குழுவினருக்குப் பழக்கமானவர். பேர்ட் குழுவைவிட்டு விலகியபின், அவர் வைத்திருந்ததைப் போன்ற ரிங் மாடுலேட்டர் ஒன்றைச் செய்து தரும்படி மாஸ்கோவிட்ஸ் ஓபர்ஹைமிடம் கேட்டார். அவர் செய்த கருவி கைமாறிக் கைமாறி ஹாலிவுட் இசையமைப்பாளர்கள் வரை பேசப்பட்டு, பின்னர் மேஸ்ட்ரோ என்ற வணிகப் பெயரில் சந்தைக்கு வந்தது. 1970களிலும் 80களிலும் உலகப் புகழ்பெற்ற ஓபர்ஹைம் சின்தசைசர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பதிவுகளின் காலவரிசை சுருக்கமாக இது. 1967 செப்டம்பரில் கொலம்பியாவுக்காக ஓர் ஆடிஷன், அதாவது நிறுவனம் கேட்டுப் பார்ப்பதற்கான மாதிரி, பதிவு செய்தார்கள். மோபி கிரேப் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த டேவிட் ரூபின்சன் தயாரிப்பாளராக அமைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஆல்பம் பதிவானது; மூன்று மாதத்தில் கடைக்கு வந்துவிட்டது. மொத்தம் பத்துப் பாடல்கள், சுமார் 37 நிமிடம்.

முதல் பாடலான ‘தி அமெரிக்கன் மெட்டாஃபிஸிக்கல் சர்க்கஸ்’ ஆல்பம் முழுவதற்கும் திறவுகோல். பாடல் தொடங்குமுன் நீராவி ஆர்கனில் ஓர் அணிவகுப்பு மெட்டு கேட்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பியானோவில் ராக்டைம் என்னும் பழைய அமெரிக்க நடன இசை மெட்டு ஒன்று மேலே வந்து படியும். பிறகு இரண்டு பேண்டு வாத்தியக் குழுக்கள் வெவ்வேறு மெட்டுகளை முழக்கியபடி, ஸ்டீரியோவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒன்றையொன்று கடந்து போகும். இது சும்மா அமளிக்காகச் செய்யப்பட்டதன்று. அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸுக்குச் செலுத்தப்பட்ட மரியாதை. ஐவ்ஸின் தந்தை கனெக்டிகட் மாநிலத்தின் டேன்பரி ஊரில் பேண்டு வாத்தியத் தலைவராக இருந்தவர். இரண்டு குழுக்களை வெவ்வேறு இசையோடு எதிரெதிரே நடக்கவிட்டு, கடக்கும்போது எழும் மோதலை ரசித்தவர் என்று சொல்வார்கள். மகன் அந்த மோதலைத் தன் படைப்புகளில் எழுதிக் காட்டினார். பேர்ட் அதை ஸ்டீரியோ இசைத்தட்டுக்குள் கொண்டுவந்தார். இந்தக் கூச்சல் அடங்கிய இடத்தில் மாஸ்கோவிட்ஸின் குரல் அமைதியாக எழுகிறது. பாடல் நகர நகர அது சிறிது சிறிதாகச் சிதைந்து, கடைசியில் மனிதக் குரல் என்று அடையாளம் காண முடியாத நிலைக்குப் போகிறது. நாட்டின் அணிவகுப்பு இசையில் தொடங்கி ஒரு பெண்குரல் கரைந்து போவதில் முடியும் இந்த ஐந்து நிமிடத்தில், குழுவின் அரசியலும் தொழில்நுட்பமும் ஒன்றாகிவிடுகின்றன. இதைவிடச் சிறப்பான எதையும் அவர்கள் செய்யவில்லை என்பேன்.

‘தி கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ்’, ‘கமிங் டவுன்’ ஆகிய இரண்டும் வேகப் பாடல்கள். முதன்முறை கேட்பவர்களுக்கு உடனே பிடித்துப்போவது இவைதான். ‘கிளவுட் சாங்’ நேர்மாறாக மிக மெதுவானது, ஏ.ஏ. மில்னின் வின்னி தி பூ கதைகளில் வரும் மேகப் பாட்டைத் தழுவிய வரிகள். ‘வேர் இஸ் யெஸ்டர்டே’ லத்தீன் வழிபாட்டுப் பாடலில் தொடங்குகிறது. மாரனும் போகஸும் எழுதிய ‘ஸ்ட்ராண்டட் இன் டைம்’ தந்திவாத்தியங்களோடு அமைந்த அழகான சிறு பாடல்தான். எனினும் பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’யின் நிழல் அதன்மேல் அளவுக்கதிகமாக விழுந்திருக்கிறது. பக்கத்திலிருக்கும் பாடல்களின் துணிவு அதற்கு இல்லை. ‘ஐ வோன்ட் லீவ் மை வுடன் வைஃப் ஃபார் யூ, ஷுகர்’, புறநகர்க் குடும்பஸ்தன் ஒருவன் தன் காதலியிடம் மனைவியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சமாதானம் சொல்லும் கிண்டல் பாடல். இதுபோன்ற நையாண்டிகளில் பேர்டின் பாடம் நடத்தும் குணம் எட்டிப் பார்க்கிறது. மத்தியதர வர்க்கத்தைக் குத்திக்காட்டும் வேகத்தில் இசை பின்தங்கிவிடுகிறது.

‘லவ் சாங் ஃபார் தி டெட் சே’ பாடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சே குவேரா கொல்லப்பட்டது 1967 அக்டோபர் 9 அன்று. ஆல்பம் பதிவானது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பாடல் வரிகளில் அரசியல் முழக்கம் எதுவுமில்லை, இழந்த காதலை நினைக்கும் ஒருத்தியின் மென்மையான பாட்டு, அவ்வளவே. தலைப்புதான் அதை அரசியலாக்குகிறது. தலைப்பை மாற்ற வேண்டும் என்று கொலம்பியா கேட்டபோது, அணுகுண்டு ரகசியத்தைச் சோவியத் யூனியனுக்குக் கொடுத்ததாக 1953இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ரோசன்பர்க் தம்பதியின் பெயரை மாற்றாக வைக்கலாம் என்று பேர்ட் பரிந்துரைத்தாராம். நிறுவனம் பழைய தலைப்பையே ஏற்றுக்கொண்டது. முழக்கமிடாத இந்தப் பாடல், கிண்டல் பாடல்கள் அனைத்தையும்விட அரசியல்ரீதியில் ஆழமாக இறங்குகிறது என்பதுதான் வேடிக்கை.

ஆல்பத்தின் இறுதிப் பாடலான ‘தி அமெரிக்கன் வே ஆஃப் லவ்’ மூன்று பகுதிகள் கொண்டது. மூன்றாம் பகுதியில் அதுவரை கேட்ட பாடல்களின் துண்டுகள் வெட்டி ஒட்டப்பட்டுத் திரும்பி வருகின்றன. கடைசியில் ஒரு சொற்றொடர் மட்டும் சுழன்று சுழன்று ஒலிக்கிறது. பாடல்களை இடம் மாற்றியோ, தனித்தனியாகப் பிய்த்தோ கேட்டால் இந்த முடிவு வெறும் சத்தமாகிவிடும். ஆகவே வரிசைப்படி, இடைவெளியின்றி, முடிந்தால் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இடவலப் பிரிவு இந்த ஆல்பத்தில் அலங்காரம் என்ற நிலையைத் தாண்டி, அமைப்பின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

ஆல்பத்தின் முதல் பிரதிகள், தலைப்பை முத்திரைபோல அச்சிட்ட பழுப்பு நிறக் காகித உறைக்குள் வந்தன. அரசாங்கக் கோப்பு என்று தோன்றும்படியான ஏற்பாடு. விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அமெரிக்க இசைத்தட்டு விற்பனையைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் 181ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பிரிட்டனில் நிலைமை சற்று வேறு. கொலம்பியாவின் அங்கத்திய கிளையான சி.பி.எஸ். 1968இல் மலிவு விலையில் வெளியிட்ட ‘தி ராக் மெஷின் டர்ன்ஸ் யூ ஆன்’ என்ற மாதிரித் தொகுப்பில் இவர்களின் ‘வுடன் வைஃப்’ பாடல் இடம்பெற்றதால், அங்கே பலருடைய காதுக்கு எட்டியது. குழுவின் நினைவு அமெரிக்காவைவிடப் பிரிட்டனில் நீடித்ததற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். 1987இல் ஆல்பத்தை மறுவெளியீடு செய்ததும் எட்சல் என்ற பிரிட்டிஷ் நிறுவனமே. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் 1997 ஆல்பத்திலுள்ள ‘ஹாஃப் டே குளோசிங்’ பாடலைக் கேட்டால் ‘மெட்டாஃபிஸிக்கல் சர்க்கஸி’ன் வழித்தோன்றல் என்பது உடனே விளங்கும். பர்மிங்ஹாமின் பிராட்காஸ்ட் குழுவும் இவர்களுக்குப் பெரிதும் கடன்பட்டது.

குழு 1968இலேயே உடைந்தது. மேடையில் அந்தக் கருவிகளை இயக்குவதே பெரும்பாடாக இருந்தது. கையால் கட்டிய மின்னணுக் கருவிகள் பயணத்தைத் தாங்கவில்லை. குழுவை யார் வழிநடத்துவது, எந்தத் திசையில் போவது என்ற பூசலும் சேர்ந்துகொண்டது. பேர்ட் விலகினார். மாஸ்கோவிட்ஸ் வேறு இசைக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு சில காலம் முயன்றார். அந்த இரண்டாம் அணி சில மாதிரிப் பதிவுகளோடு நின்றுபோனது.

உங்கள் குழப்பத்துக்குக் காரணமான ‘மற்ற பதிவுகள்’ பெரும்பாலும் சன்டேஸ்டு நிறுவனம் 2004இல் வெளியிட்ட குறுந்தகட்டிலிருந்து வந்தவை. அதில் மூல ஆல்பத்தின் பின்னால் மூன்று வகையான ஒலிநாடாக்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துக் கேட்காவிட்டால் எல்லாம் ஒரே குழுவின் மிச்சம்போலத் தோன்றும். ‘ஒசாமுஸ் பர்த்டே’, ‘நோ லவ் டு கிவ்’ ஆகியவையும் ‘வுடன் வைஃபி’ன் மாற்று வடிவமும் மூலக் குழுவின் வேலை. ‘பெரி பியர்’, ‘டெய்லர் மேன்’, ‘டூ யூ ஃபாலோ மீ’ ஆகிய மூன்றும் பேர்ட் போனபின் மாஸ்கோவிட்ஸின் இரண்டாம் அணி பதிவு செய்தவை. இவற்றில் கிடைப்பது நல்ல பாடகி ஒருவரின் சாதாரண ராக் பாடல்கள் மட்டுமே. மூன்றாவதாக வருவன 1967 செப்டம்பர் ஆடிஷன் பதிவுகள். மிக முக்கியமானவை இவையே.

‘தி கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ்’ இந்த ஆடிஷனில் ‘மவுஸ்’ என்ற பெயரிலும், ‘கமிங் டவுன்’ ‘ஹெரெஸி’ என்ற பெயரிலும் இருக்கின்றன. ‘மெட்டாஃபிஸிக்கல் சர்க்கஸ்’ பாடலும் இருக்கிறது. ஆல்பத்தின் ஒலி முழுவதும் ஸ்டுடியோவில் நாடாவை வெட்டி ஒட்டிப் பிறந்தது என்று நினைப்பவர்கள் இவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். பாடல்களின் எலும்புக்கூடும் கருவிகளின் பங்கீடும் குரலின் நிதானமும் ஸ்டுடியோவுக்குள் நுழையுமுன்பே முடிவாகிவிட்டன. டிசம்பரில் நடந்தது அவற்றைச் செதுக்கி, தொடர்ச்சியாக அடுக்கிய வேலை.

பேர்டின் அடுத்த ஆல்பத்தைச் சிலர் இந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் என்று குறிப்பிடுவதுண்டு, அது சரியில்லை. 1969இல் ‘ஜோ பேர்ட் அண்ட் தி ஃபீல்ட் ஹிப்பீஸ்’ என்ற பெயரில், கொலம்பியாவின் செவ்வியல் இசைப் பிரிவான மாஸ்டர்வொர்க்ஸ் வெளியிட்ட அந்த ஆல்பத்தின் தலைப்பு ‘தி அமெரிக்கன் மெட்டாஃபிஸிக்கல் சர்க்கஸ்’. முதல் ஆல்பத்தின் முதல் பாடலின் பெயரையே சூட்டியதால் வந்த குழப்பம் இது; அந்தப் பாடல் இதில் இல்லை. வாசித்தவர்கள் வேறு, பாடியவர்கள் வேறு, கிட்டாரும் உண்டு. இதன் முதல் பாடலுக்குப் பேர்ட் வைத்த பெயர் ‘கல்யாணி’. மூன்றாம் பாடலின் தலைப்பில், ஜாவாத் தீவின் வெண்கல வாத்தியக் குழு இசையான கமெலானின் பெலோக் ஸ்வரவரிசை வருகிறது. யு.சி.எல்.ஏ. நாட்களின் படிப்பு அவரை விடவில்லை போலும். நடுவிலுள்ள ‘யூ கான்ட் எவர் கம் டவுன்’ பாடலின் முன்வடிவம், சன்டேஸ்டு தகட்டில் ‘யூ கேன் நெவர் கம் டவுன்’ என்ற பெயரில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஃபீல்ட் ஹிப்பீஸ் வடிவத்தில் கருவிகள் கூடியிருக்கின்றன, கைத்திறனும் கூடியிருக்கிறது. ஆனால் மாஸ்கோவிட்ஸின் குரல் இல்லாத இடத்தில் பேர்டின் இசை எவ்வளவு குளிர்ந்துபோகிறது என்பதும் தெரிகிறது. எதிர்ப்பக்கத்தில், பேர்ட் இல்லாத மாஸ்கோவிட்ஸின் இரண்டாம் அணிப் பதிவுகள் எவ்வளவு வழக்கமானவையாக ஆகிவிட்டன என்று மேலே சொன்னேன்.

ஆகவே 1968 ஆல்பத்தை முழுதாக இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு, ஆடிஷன் பதிவுகளுக்குச் செல்லுங்கள். அதன்பிறகு ஃபீல்ட் ஹிப்பீஸ் ஆல்பம். இரண்டாம் அணியின் மூன்று பாடல்களை ஒருமுறை கேட்டால் போதும். மாஸ்கோவிட்ஸின் குரல் உங்களைப் பிடித்துக்கொண்டதென்றால், இத்தாலிய இசைக்கலைஞர்களோடு சேர்ந்து அவர் 2023இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் ஆல்கெமி’ என்ற பெயரில் வெளியிட்ட ‘அண்டர் அன் எண்ட்லெஸ் ஸ்கை’ இருக்கிறது. வயதால் தாழ்ந்த குரல்தான். ஆனால் அசைக்காமல் நேராகப் பாடும் பழக்கம் மாறவேயில்லை.